தீவில் விட்டு வந்தவள்

1926-ஆம் வருடம் மாசி மகத்தன்று மலாயாவில் ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து லாரியில் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் லுமுட் கரைக்கு வந்து சேர்ந்தோம். அம்மனைக் கடலில் நீராட்டினார்கள். நானும் என் மனைவி இருளாயியும் முழுகி எழுந்தோம். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைச் சன்னாசி அண்ணன் படகு பேசினார்.

"எதிர்த் தீவுல நல்ல தண்ணிக் கெணறு இருக்குலா. பொங்கித் தின்னுட்டு, பொழுது சாயறதுக்குள்ள வந்துடலாம்."

மலாய்ப் படகோட்டியோடு நாங்கள் மூவரும் ஏறினோம். தீவின் பழைய மரத்துறை தெரிந்ததும் இருளாயி என் கையைப் பற்றினாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"என்ன புள்ள?"

"தலை சுத்துது மச்சான்."

உச்சிவேளை. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. மரங்களுக்கிடையே நீளமான பலகைக் கொட்டகை ஒன்று, பாதிக் கூரை இடிந்து நின்றது.

"கப்பல்ல வந்த நம்ம ஆளுங்கள, நோய் இருக்கான்னு பாக்க அடைச்சு வச்ச எடம்," என்றார் அண்ணன். "மூடி பல வருசமாச்சு."

கிணறு கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. நான் வாளியில் தண்ணீர் இறைத்தேன். ஆளில்லாத அந்த இடத்தில் பினாயில் நெடி, இப்போதுதான் தெளித்ததுபோல் அடித்தது.

"இருளாயி..."

பெண் குரல். நாக்கு வறண்ட குரல். பலகைக்கு உள்ளிருந்து வந்தது.

இடுக்கு வழியாகப் பார்த்தேன். வரிசையாக வெறும் பலகைக் கட்டில்கள். ஒன்றில் மட்டும், ஆள் படுத்து எழுந்த அளவுக்கு ஈரம்.

"அவ ஒனக்கு என்ன வேணும்?"

என் காதோரத்தில் கேட்டது.

வாளியைப் போட்ட இடத்திலேயே விட்டு ஓடினேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை இருளாயி மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலில் தனியாக வந்ததாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

"அது எங்க அக்கா. மங்களம். சின்னதுலேர்ந்து எனக்கு ரெட்டைச் சடை பின்னி விட்டவ."

மணலை விரலால் கீறினாள்.

"ரெண்டு பேருந்தான் வந்தோம். இங்க வந்த மூணாம் நாள் அவளுக்கு வாந்திபேதி. அதிகாரி வந்து, இவ ஒனக்கு என்ன வேணும்னு கேட்டாரு. அக்கான்னு சொன்னா என்னையும் அவகூடப் போட்டுருவாங்க. தெரியாதுன்னுட்டேன். அவ என்னையே பாத்துக்கிட்டுக் கெடந்தா மச்சான். தண்ணி கேட்டா. கிட்டப் போகல. விடியறதுக்குள்ள செத்துட்டா."

"கெளம்பிடுவோம்," என்று அண்ணன் முணுமுணுத்தார். படகோட்டி ஏற்கெனவே படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். "லெக்காஸ், லெக்காஸ்," என்று அவசரப்படுத்தினார்.

இருளாயி எழுந்து கிணற்றடிக்கு நடந்தாள். நான் தடுத்தேன். கையை உதறிவிட்டு, வாளியில் தண்ணீர் இறைத்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அக்கா," என்றாள் உள்ளே.

பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம். மூச்சுவிடாமல், மடக்கு மடக்காக, வெகுநேரம்.

பிறகு அழுகை.

அழுதது ஒரு குரல் அல்ல.

அவள் வெளியே வந்தபோது கையிலிருந்த வாளி சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது.

"குடிச்சிட்டா," என்றாள்.

படகேறிக் கரை திரும்பினோம். லயத்துக்கு வந்ததும் அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கூந்தலை விரித்துப் போட்டபடி படுத்தாள். இத்தனை வருடத்தில் இல்லாத நிம்மதியான தூக்கம்.

விடியலில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுப்பப் போனேன். அவள் தலை வகிடெடுத்து வாரப்பட்டிருந்தது. சின்னப் பெண்ணுக்குப் பின்னுவதுபோல் இறுக்கமான இரட்டைச் சடை. நுனியிலிருந்து மணலும் தண்ணீரும் பாயில் சொட்டிக்கொண்டிருந்தன.

அவள் சடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்களா பின்னினீங்க மச்சான்?"

எனக்குச் சடை பின்னத் தெரியாது.