சோத்துல உப்பு

"சுத்தல் நேத்தே நின்னுடுச்சுன்னியே... இன்னும் என்ன படுக்கை?" சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார் அருணகிரி.

கேட்க வேண்டிய கேள்விதான்! அதை அவர் மனைவி ரேணுகாம்பாள் எப்படி விளக்குவாள்? தலை சுற்றுவது என்னவோ இரண்டு மணி நேரம்தான். அதற்கப்புறம் நாலு நாளைக்கு, துணியைப் பிழிந்து போட்ட மாதிரி உடம்பில் ஒரு அசதி. கொண்டை போடக்கூடக் கை எழும்பாது. காய்ச்சல் என்றால் தொட்டுக் காட்டலாம், அசதியை எங்கே தொட்டுக் காட்டுவது? பௌர்ணமியும் அதுவுமாக ஊரே மலையைச் சுற்றக் கிளம்பியிருக்க, இவளை மலையே சுற்றிவிட்டுப் போயிருந்தது.

"பித்தம் ஜாஸ்தியாயிடுச்சு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடி" என்றார். நல்ல மனுஷன்தான், பாவம். அவருக்குத் தெரிந்தது பித்தம் ஒன்றுதான்.

உள்ளறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இன்று வருவதாக அருணகிரிக்கு மட்டும் சேதி அனுப்பியிருந்தாள் தேவிப்ரியா. அருணகிரியின் தங்கை, ஏழு வயசில் தாயை இழந்து, இவள் சோறூட்டி, சடை பின்னி வளர்த்த பெண். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கேதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபது நாளாக இவளுக்கு ஒரு போன்கூட இல்லை!

கூட்டத்தில் ஆட்டோ தெருமுனையோடு நின்றுவிட, வயிற்றைத் தாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள் தேவி. உட்காரவில்லை.

"என் ஸ்கேன் ஃபைலைக் குடுங்க அண்ணி. பிரசவத்தை வேங்கிக்கால்லயே, எங்க மாமியார் வீட்லயே பார்த்துக்கறேன்."

"ஏன்டி பாப்பா... அப்படி நான் என்ன பண்ணேன்?"

"என்ன பண்ணீங்களா! வளைகாப்புக்கு அஞ்சு வகை சாதம் பண்ணீங்களே, ஒண்ணுலயாவது உப்பு இருந்துச்சா? பந்தியே சிரிச்சுது. 'உங்க அண்ணி சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கறாங்களா'ன்னு அத்தனை பேர் முன்னாடி எங்க மாமியார் கேட்டாங்க. நான் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது? வேணும்னே பண்ணீங்களா அண்ணி?"

ரேணுகாம்பாள் அரிசி டிரம் பக்கம் நகர்ந்தாள்.

"உங்க மாமியார் கேட்டது சரிதான் பாப்பா. ரெண்டு வருஷமா நான் உப்பு போட்டுத் திங்கறதில்ல."

டிரம்முக்கு அடியிலிருந்து தன்னுடைய ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து நீட்டினாள். உள்காதில் நீர் கோத்துக்கொள்ளும் கோளாறு. முழுசாகத் தீராது, அடக்கித்தான் வைக்கலாம். உப்பைக் குறைக்கணும், ஓய்வு எடுக்கணும். டாக்டர் எழுதிய தேதியைப் பார்த்தாள் தேவி. அவளைப் பெண் பார்க்க வந்த வாரம்!

"தலை சுத்தி விழற வியாதி இருக்கற வீடுன்னு தெரிஞ்சா சம்பந்தம் தட்டிப் போயிடும்னு பயந்தேன்டி... உப்பு போடறதுக்கு முன்னாடியே எனக்குன்னு ஒரு கிண்ணத்துல எடுத்து வெச்சுப்பேன். வளைகாப்பு அன்னிக்கு விடியக்காலையில சுத்தல். நின்னப்புறம் ஒரே அசதி... கை பாட்டுக்கு என் சாதம் மாதிரியே கிளறிடுச்சு. ருசி பார்த்தேன் பாப்பா. எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு."

கடைசியாகச் சாப்பிடுகிறவள் தட்டை எந்த வீட்டில் யார் எட்டிப் பார்த்தார்கள்? அருணகிரிக்கு முகம் செத்துவிட்டது. "ரேணு... நான் வேற பித்தம் பித்தம்னு..." போட்ட சட்டையைக் கழற்றிவிட்டு அரிசி களையப் போனார்.

ரேணுகாம்பாள் தனக்கென்று மூடி வைத்திருந்த சாதக் கிண்ணத்தைத் தேவி திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். சப்பென்று இருந்தது. விழுங்க முடியவில்லை. "இதையா அண்ணி... எனக்காகவா..." கிண்ணத்தோடு ரேணுகாம்பாளின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

"அய்யய்யோ, வாயும் வயிறுமா இருந்துகிட்டு அழாதடி!" இவளுக்கும் கண் பொங்கிவிட்டது. கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். "கண்ணீரெல்லாம் சாதத்துல விழுது பாரு. எனக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல!"

அழுகையிலேயே சிரித்துவிட்டாள் தேவி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்தாள்.

"அத்தை, என் துணிப்பையைக் குடுத்து அனுப்புங்க. பிரசவம் எங்கம்மா வீட்லதான்."

ரேணுகாம்பாளுக்கு அசதி அப்படியேதான் இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க நடுக்கூடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.