முந்திக்கொண்ட இரங்கல்

அமைச்சர் மாடிப்படியின் அடியில் மல்லாந்து கிடந்தார்.

நிருபர் குனிந்து நாடி பார்த்தார்.

இல்லை!

நிமிர்ந்தார். பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். அடுத்து நேரலையில் நிற்க வேண்டுமே!

முப்பது வருட அரசியல் நிருபர். மூன்று ஆட்சிகள் கவிழ்ந்ததை ஊருக்கு முதலில் சொன்ன வாய். அந்த வாயைத்தான் போன வாரம் சேனல் முதலாளி அடைத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமையோட வீட்டுக்குக் கிளம்புங்க. நீங்க ஒரு செய்தியை முந்தித் தந்து எத்தனை வருஷமாச்சு?"

இன்று வியாழன்.

பேட்டி என்றதும் பழைய சிநேகிதனை நம்பி மாடி வரை கூட்டிப் போனார் அமைச்சர், பாவம். முதுகில் ஒரே தள்ளு...

வாசலில் கேமராமேன் தயாராக நின்றார். நிருபரின் காதுக் கருவியில் செய்தி ஆசிரியை. அவரிடமே தொழில் கற்ற பெண்.

"உறுதிதானா சார்?"

"நானே நாடி பார்த்தேன்மா! படியில தவறி விழுந்துட்டார். உடனே போடு!"

போட்டாள். மற்ற சேனல்கள் கோட்டை விட்டன! கேமரா முன் நிருபர் கண்கலங்கினார். முதலாளியே போனில் வந்தார்.

"அசத்திட்டீங்க! நாளைக்கு எங்கயும் போக வேணாம்!"

நிருபருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றது.

"சார்..." காதில் ஆசிரியை. "அமைச்சரோட இரங்கல் தொகுப்பை நேத்து சாயங்காலம் புதுசா பதிவு பண்ணீங்களா?"

"ஆமா. பழசு நல்லா இல்ல."

பெரிய தலைகளுக்கெல்லாம் உயிரோடு இருக்கும்போதே இரங்கல் தயாராகிவிடும். சாவுக்கான காரணத்துக்கு மட்டும் இடம் விடுவார்கள்.

"இதுல காரணத்துக்கு இடமே விடலையே சார்?"

காதில் அவருடைய குரலே கணீரென்று ஒலித்தது.

'மாடிப்படியில் தவறி விழுந்து காலமானார்...'

காலையில் நேரம் இருக்காதே என்று முழுசாகப் பேசி வைத்துவிட்டார், மடையன்!

"அதை அழிச்சிடும்மா! உன்னை வளர்த்துவிட்டதே நான்தானே?"

"இன்ஸ்பெக்டர் போனுக்கு அனுப்பிட்டேன் சார்."

தோளில் இன்ஸ்பெக்டரின் கனமான கை விழுந்தது. காதில் மறுபடி ஆசிரியை.

"அசையாதீங்க சார், நேரலை போகுது. இதையும் நாமதான் முதல்ல தர்றோம்!"

"அடிப்பாவி..!"

"உங்க இரங்கல் தொகுப்பும் தயார் சார். நீங்க கத்துக்கொடுத்தபடி காரணத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கேன்... தூக்குன்னு போட்டுடலாமா?"