கடலின் பங்கு

எண்பத்தொன்றாம் நாள் காலையிலும் மெர்சலினால் கஞ்சியை உட்கார்ந்து குடிக்க முடியவில்லை. கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்தாள். தீவில் அவளுக்குத் துணையாக இருந்த ஊர்க்காரர் இன்னாசி, வாசிப்பானை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவள் பிடரியில் ஒட்டியிருந்த கடலிழையருகே அதைக் காட்டினால்தான் அன்றைய அளவு பதிவாகும்.

"ஒரு நிமிசம் நில்லு தாயி. ஓடுற பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கிற மாதிரி இருக்கு."

நின்றாள். வாசிப்பான் எழுபத்தாறு காட்டியது. நூற்றுக்கு எழுபத்தாறு தவிப்பு.

கடற்புல் படுகையில் கிடக்கும் சென்சார்களும், நானூறு நண்டுகளின் உடலில் ஏற்றிய சிப்புகளும் சொல்வதையெல்லாம் கடலிழை வாங்கி அவள் நரம்பில் இறக்கிக்கொண்டிருந்தது. விரிகுடாவில் நண்டுக் கூட்டம் செழித்தால் அவளுக்கு நன்றாகப் பசிக்கும், தூக்கம் வரும். நலிந்தால் இருப்புக் கொள்ளாது. 'உணர்வர்' என்ற அவள் பதவிக்கு வேலை அவ்வளவுதான். தொண்ணூறு நாள் உடம்பைக் கொடுக்க வேண்டும். கடைசி நாளில் வாயைத் திறந்து, விரிகுடா நலமா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் இந்த மதிப்பீட்டைப் படிவங்களை வைத்துச் செய்தார்கள். பெரிய நண்டாகப் பொறுக்கி மாதிரிக்கு அனுப்பினார்கள் கரைக்காரர்கள். பிறகு கேமரா வந்தது. கேமரா இருக்கும் துறையில் நல்ல நண்டும் இல்லாத துறையில் மற்றதும் இறங்கின. கணினி மதிப்பீடு வந்தபோது அதை ஏமாற்ற இன்னொரு கணினியை வாங்கினார்கள். கடைசியில் சலித்துப்போன அரசு, பொய் சொல்லத் தெரியாத கருவி மனித உடம்பு ஒன்றுதான் என்று முடிவு கட்டியது. அந்தந்தக் கரையில் பிறந்த உடம்பில்தான் இழை பிடிக்கும் என்பதால் ஊருக்குள்ளேயே குலுக்கிப் போட்டு ஆளை எடுத்தார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. உடம்புக்கு அதன் சொந்தத் தவிப்பும் உண்டு. கடலுடையது எது, தன்னுடையது எது என்று பிரித்துச் சொல்ல இழைக்குத் தெரியாது. அதனால் உணர்வரைத் தீவில் வைத்து, ஊர்ச் செய்தி எதுவும் காதில் விழாமல் தடுத்தது சட்டம். செய்தி இல்லையென்றால் கவலையும் இல்லை என்று எழுதிய அந்த மகராசனுக்கு அம்மா என்று ஒருத்தி இருந்திருக்க மாட்டாள்.

மெர்சலினுக்கு இருந்தாள். தீவுக்குக் கிளம்பிய அன்று வழியனுப்ப வந்த சவரியம்மாள், படகுத்துறை வருவதற்குள் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். நெஞ்சில் கோழை கட்டியிருந்தது.

"மாமா, அம்மா எப்படியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

இன்னாசி வாசிப்பானைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஊர்ச் சேதி பேசப்படாதுன்னு உனக்குத் தெரியாதா தாயி?"

"தலையாவது ஆட்டுங்களேன்."

அவர் ஆட்டவில்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். இருபத்துமூன்றாம் நாள் ஒருநாள் விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பியதிலிருந்து மனிதர் இப்படித்தான் இருந்தார். அதற்கு முன் வாய் ஓயாமல் பேசியவர், அன்றைக்குப் பிறகு அவள் கண்ணையே பார்ப்பதில்லை. முப்பதில் இருந்த அளவு அறுபதுக்கு ஏறியதும் அதே வாரம்தான். மெர்சலினுக்கு இரண்டையும் முடிச்சுப் போட அதிக நேரம் ஆகவில்லை. அம்மா போய்விட்டாள். அடக்கமும் முடிந்திருக்கும்.

மீதி ஒன்பது நாளும் அவள் நடந்தபடியே இருந்தாள். சோறு இறங்கவில்லை. அழுகையும் முழுசாக வரவில்லை. வந்தால் பாரம் தொலைந்துவிடும் என்றிருந்தது. ஆனால் துக்கத்தை விட ஒரு கேள்விதான் அவளை அதிகமாக அரித்தது. 'நலமில்லை' என்று சொன்னால் விரிகுடாவை மூன்று வருஷம் மூடிவிடுவார்கள். எண்ணூறு குடும்பங்களின் வலை பரணுக்குப் போகும். என் அம்மா செத்ததற்கு ஊர் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? 'நலம்' என்றாலும் அதே மூன்று வருஷத்துக்கு மறுமதிப்பீடு கிடையாது. இரண்டில் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

தொண்ணூறாம் நாள் காலை பத்து மணிக்கு மூன்று அதிகாரிகள் படகில் வந்து இறங்கினார்கள். நடுவில் அமர்ந்த அம்மையார் அன்றைய அளவை உரக்கப் படித்தார். எண்பத்தொன்று.

"மெர்சலின், இந்தத் தவிப்பில் கடலின் பங்கு எவ்வளவு?"

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடி, நண்டுகளைத் தேடிப் பார்த்தாள். தொட்ட இடமெல்லாம் அம்மாவின் மூச்சிரைப்புத்தான் கேட்டது. கூடியவரை நேர்மையாகக் கழித்துப் பார்த்தாள்.

"இருபதுக்குள்ளதான் இருக்கும் மேடம். மிச்சமெல்லாம் என்னோடது."

"உறுதியாகவா?"

"உறுதியாத்தான் சொல்றேன். கடல் நல்லாயிருக்கு."

அம்மையார் கையெழுத்திட்டார். 'நிலைத்த மீன்பிடிப்பு' என்ற முத்திரை விழுந்தது. மருத்துவர் வந்து இழையைக் கழற்றினார். அறையின் மூலையில் நின்ற இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார்.

கரைக்குத் திரும்பும் படகில் அவள் முன்புற அணியத்துப் பலகையில் உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில்தான், தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே உறைத்தது. அம்மாவின் கல்லறையைப் பார்க்கப் போகிறோம் என்று எண்ணிப் பார்த்தாள். மனம் கனத்தது, உடம்பு பதறவில்லை. தவித்துத் தவித்துத் தீர்ந்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

துறையில் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றவள் சவரியம்மாள்.

"ஏ புள்ள! என்னடி இப்படி எலும்பாப் போயிட்ட? அங்க சோறே போடலியா?"

மெர்சலின் படகு அணைவதற்குள் தண்ணீரில் குதித்தாள். ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு, சிரித்துச் சிரித்து அழுதாள். அம்மாவின் மேல் நண்டு வாடை அடித்தது. மூச்சு சீராக ஓடியது. உலகத்தில் அவளைப் போலச் சந்தோஷப்பட்டவர் அந்த நிமிஷம் யாரும் இருந்திருக்க முடியாது.

"உன் நெஞ்சு சளி?"

"அது நீ போன நாலாம் நாளே போச்சு. இந்தக் கைதான்டி போச்சு."

சவரியம்மாள் கைகளை விரித்துக் காட்டினாள். விரல் நுனிகளெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடந்தன.

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, எந்த வலையத் தூக்குனாலும் சினை நண்டுதான். சினையோட கொண்டுபோனா கம்பெனில எடுக்க மாட்டான்ல? ஊர்ப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் உக்காந்து நாரு வச்சுத் தேய்ச்சோம். கூடை கூடையா முட்டைய வழிச்சுக் கொட்டியாச்சு. இன்னாசி லீவுல வந்தப்ப பாத்துட்டு, இது அடுக்குமான்னு கத்திட்டுத்தான் போனான். ஒங்கிட்ட சொல்லலியா?"

அவரால் சொல்லியிருக்க முடியாது. கடல் செய்தியும் ஊர்ச் செய்திதான்.

அம்மாவுக்காக என்று அவள் கழித்துவிட்ட அறுபதும் கடலுடையதுதான். மெர்சலின் திரும்பிப் பார்த்தாள். முத்திரை வைத்த தாளோடு அதிகாரிகளின் படகு முனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கத்த வாயெடுத்தாள். சொன்னது சொன்னதுதான் என்பது நினைவுக்கு வந்தது. அம்மாவின் உரிந்த கைகளைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டபோது அழுகை வேறு மாதிரி வந்தது.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேடி. இன்னும் என்னத்துக்கு அழுவுற?"

"உனக்கு ஒண்ணும் இல்லைங்கறதுக்குத்தாம்மா அழுவுறேன்."