கால் தேய்க்கும் நேரம்

கத்திரி வெயிலில் தேங்காய் எண்ணெய் உறையுமா? மஞ்சு பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள், கட்டியாக நின்றது. மார்கழியில்கூடத் தோணிரேவுக் குப்பத்தில் இப்படி உறைந்து அவள் பார்த்ததில்லை. அதை யோசிக்கவும் தெம்பில்லை. பகலெல்லாம் ஏரிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்ததில் விரல் நுனிகள் ஊறிப்போய் எரிந்தன. பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் புருஷன் பெலிக்ஸ் கட்டிலின் விளிம்பில் படுத்திருந்தான். சுவரோரம் இன்னொரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தான். பட்டாளத்துக்காரன். பனிமலைக் காவலில் பனிச்சரிவு விழுந்து மூடியதில் இடது காலின் விரல்கள் அத்தனையும் குளிரில் கருகிவிட, வெட்டி எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். "தினமும் எண்ணெய் போட்டுக் கால் தேய்ச்சு விடும்மா, தனியா விட்டுடாதே" என்று ராணுவ ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். சொல்லிவிடலாம். தேய்க்கிறவளுக்கல்லவா கை வலி தெரியும்?

மலைமேல் இரண்டிரண்டு பேராகத்தான் காவலாம். ஒருவன் காலை மற்றவன் தேய்த்துவிட வேண்டும். படுத்த பிறகும் அவ்வப்போது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் எழுந்து பனியைத் தோண்ட வேண்டும். பெலிக்ஸின் ஜோடி நீலமேகம், திருத்தணிப் பக்கத்துப் பையன். சரிவுக்குப் பிறகு அவன் உடம்பு கிடைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தும், நீலமேகம் உயிரோடு இருக்கிறானா என்று ராத்திரியில் கூப்பிட்டுக் கேட்பதைப் பெலிக்ஸ் விடவில்லை. "நீலமேகம், கீறியா?" பதில் வராவிட்டால் நொண்டிக்கொண்டே ஏரிக்குப் போய்விடுவான். ஒருமுறை மார்பளவு தண்ணீரில் முங்கி முங்கிச் சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தவனைப் பக்கத்து வீட்டுச் சாலமன்தான் படகில் இழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார். "இன்னொரு வாட்டி போனான்னா பொணமாத்தான் தூக்கியாரணும், மஞ்சு," என்றார்.

அந்தப் பயத்தில்தான் அவள் அதைச் செய்தாள். ஒரு நாள் கண் எரிய எரிய, குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, நீலமேகத்துக்காக அவளே "கீறேன்" என்றாள். பெலிக்ஸ் குழந்தை மாதிரி தூங்கிப்போனான். அப்பாடா என்றிருந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. செத்தவன் இடத்தை நாம் எடுத்துக்கொள்கிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. என்ன செய்ய, தூங்கி எத்தனை காலமாகிறது!

இன்று விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போயிற்று. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவன் கால்களை மடியில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். வழக்கமான சேற்று நாற்றம் ஜன்னல் வழியே வரவில்லை. மண்ணெண்ணெய் வாடை வந்தது. பனிமலைக் கூடாரத்தில் அடுப்பு அணையவே அணையாது என்று பெலிக்ஸ் சொல்லியிருக்கிறான். அவன் கொண்டுவந்த பெட்டியிலும் இதே வாடைதான். இருட்டில் அவள் தலை ஆடி ஆடி விழுந்தது.

"நீலமேகம், கீறியா?"

வாயைத் திறந்தாள். தூக்கக் கலக்கத்தில் நாக்கு புரளவில்லை. ஒரு மூச்சு விட்டுச் சொல்லலாம் என்றிருந்தாள்.

"கீறேன்."

ஆண் குரல். சுவரோரத்திலிருந்து.

பெலிக்ஸ் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். "அவனுக்கும் தேய்ச்சு வுடு, மஞ்சு. சில்லுனு கீறான்."

கத்த வேண்டும் என்று நினைத்தாள். பழகிய கை நிற்காமல் தேய்த்துக்கொண்டே போனது. இடது கால். விரலில்லாத மொட்டை. வலது கால்.

அப்புறம் இன்னொன்று.

ஐஸ் பெட்டி மீன்போல விறைத்திருந்தது. கையை இழுத்தாள். வரவில்லை. உள்ளங்கை ஒட்டிக்கொண்டது.

மெல்ல அது சூடேறியது. மொட்டைக் கால் சில்லிட்டது.

புருஷன் பேரை அவள் சொன்னதே இல்லை. இப்போது சொன்னாள்.

"பெலிக்ஸ்! கீறியா?"

மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"பெலிக்ஸ்!"

"கீறேன்."

பெலிக்ஸின் குரல்தான். ஆனால் சுவரோரத்திலிருந்து வந்தது. அவளைத் தூங்கவைக்கிற மாதிரி, இதமாக.

அவள் மடியில், சூடேறிய அந்தக் காலின் ஐந்து விரல்களும் சுகமாக விரிந்தன.