குடிச்சுக் காட்டு, பரேதா!

டெலிபோன் அலறியது.

லிமாவில், தன் அடுக்குமாடி வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்த எர்லிந்தா போமா வாயில் நுரையோடு ஓடிவந்து எடுத்தாள்.

"எர்லிந்தா மேடமா? வாய்ராபம்பா போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம். உங்க வீட்டுக்காரர் அமாதோர்..."

"அவருக்கு என்ன?"

"சுரங்கத்தோட கழிவுக் குட்டையில மிதக்கிறார் மேடம்..."

ரிசீவர் நழுவியது. நுரை நைட்டியில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

அமாதோர் தணிக்கையாளன். சான் ஹெரேமியாஸ் சுரங்கத்துக்குக் கடன் கொடுத்த வங்கி, சுரங்கத்தால் ஆற்றுக்கும் ஜனங்களுக்கும் என்ன கெடுதல் என்று பார்த்துவரச் சொல்லி அவனை மலைமேல் அனுப்பியிருந்தது. போனவன் முந்தின நாள்தான் பேசியிருந்தான்.

"எர்லி, ஆத்துல ஆர்சனிக் இருக்கு. அல்பாக்கா குட்டிங்க கொத்துக் கொத்தா சாகுது. ஆனா லேப் ரிப்போர்ட் மட்டும் சுத்தமா வருது. நடுவுல எவனோ பாட்டிலை மாத்தறான். யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன்னு நினைக்கிறேன்..."

"யாரு?"

"நேர்ல சொல்றேன். போன்ல வேணாம்."

நேரில் வந்தது சவப்பெட்டிதான்.

கால் வழுக்கி விழுந்தார் என்று சுரங்க மேலாளர் கயெத்தானோ பரேதா சொன்னான். அரசு வழக்கறிஞர் சோத்தேலோ தலையாட்டினார். விபத்து என்று எழுதி, கோப்பைக் கட்டி, பரணில் போட்டார். அவ்வளவுதான் ஒரு மனுஷனின் உயிர்!

எர்லிந்தா அழுதாள். கண் வற்றும்வரை அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வங்கிக்குப் போனாள். அவளும் அதே தொழில்தான்.

"அந்தச் சுரங்கத் தணிக்கையை நான் முடிச்சுத் தர்றேன்."

வங்கிக்காரர்களுக்கு அவள் வெறும் எர்லிந்தா போமா. அந்த ஊர்ப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா வழிப் பெயரை விடுவதில்லை. செத்தவன் அமாதோர் ரீவாஸ். யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

*

"வாங்க மேடம், வாங்க! இந்த உயரத்துல மூச்சு வாங்குமே... கோகா டீ சாப்பிடறீங்களா?"

பரேதா ஆள் வாட்டசாட்டம். சிரித்தால் தங்கப் பல் தெரிந்தது. பின்னாலேயே ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு அவனுடைய எடுபிடி வில்மர் வந்தான்.

இந்தக் கைதான் என் அமாதோரைத் தள்ளியதா? எர்லிந்தா அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். சிரித்தாள்கூட!

"டீ அப்புறம் சார். முதல்ல ஆறு."

ஆற்றங்கரையில் ஊர் ஜனம் கூடி நின்றது. கம்பளி மயிருக்காக அல்பாக்கா மந்தை வளர்க்கும் ஃபோர்த்துனாத்தா கோகா இலைகளைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஆத்துக்குக் குடுத்தாச்சு. இனிமே நீ எடு பொண்ணே. எடுத்து என்ன ஆகப்போகுது? போன தடவை ஒரு நல்ல பையன் வந்தான். அவனையே முழுங்கிட்டானுங்க."

எர்லிந்தா குனிந்து பாட்டிலை முக்கினாள்.

ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாட்டில். ஒன்று லேப்புக்கு. அதன் ஜோடி, தகராறு வந்தால் திறந்து பார்க்க. மூடினாள், சீல் வைத்தாள், ஐஸ் பெட்டியில் தன் கையாலேயே அடுக்கினாள்.

"மேடம், ஒரு சிக்கல்..." பரேதா உதட்டைப் பிதுக்கினான். "கீழே மறியல். லாரிக்காரங்க ரோட்டுல பாறையை உருட்டிட்டாங்க. நாளைக்குத்தான் வண்டி போகும். பாட்டிலை எங்க குளிர் அறையில வெச்சுக்கலாமே? லேப்புக்கு அனுப்பறதையும் நம்ம வில்மரே பாத்துப்பான்."

"ரொம்ப உபகாரம் சார். ஜோடி பாட்டில் எல்லாம் பொது விசாரணை வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்."

ஃபோர்த்துனாத்தா அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஏம்மா, உனக்கு மூளை இருக்கா? அவன் அறையிலேயே கொண்டுபோய் வைக்கிறியே! காசு வாங்கிட்டியா நீயும்?"

"இல்லக்கா."

"அப்புறம்?"

எர்லிந்தா ஐஸ் பெட்டியை வில்மரிடம் நீட்டினாள். ஃபோர்த்துனாத்தா தரையில் காறித் துப்பினாள். அந்த எச்சில் எர்லிந்தாவின் நெஞ்சில் விழுந்ததுபோல் இருந்தது.

*

கழிவுக் குட்டையைப் பெரிதாக்க ஊரின் சம்மதம் கேட்கும் பொது விசாரணை, பள்ளிக்கூட மைதானத்தில்.

கம்பெனி செலவில் கோழி, சோறு, எல்லோருக்கும் இலவசத் தொப்பி. மேடையில் பரேதா. பக்கத்தில் அரசு வழக்கறிஞர் சோத்தேலோ. கீழே கலவரம் வராமல் பார்த்துக்கொள்ள நாலைந்து போலீஸ்காரர்கள். மேஜைமேல் குளிர் அறையிலிருந்து வந்த ஜோடி பாட்டில்கள். அவற்றை வரிசையாக வைத்தவள் எர்லிந்தா.

இன்றைக்கு ஊர் ஜனம் கை தூக்கிவிட்டால் கழிவுக் குட்டை இரண்டு மடங்காகும். அமாதோர் செத்த இடத்தின்மேல் புதுக் கரை எழும்பும். பிறகு தோண்ட ஒன்றும் இருக்காது. கோப்பு பரணிலேயே மக்கிப்போகும்.

"லேப் ரிப்போர்ட் வந்திருக்கு!" பரேதா மைக்கைப் பிடித்தான். "எல்லா பாட்டிலும் சுத்தம்! ஆர்சனிக் துளிகூட இல்லை! இதைச் சொன்னது நான் இல்லை, லிமா லேப்! என்ன மேடம், சரிதானே?"

"எல்லா பாட்டிலும் சுத்தம்னுதான் வந்திருக்கு," என்றாள் எர்லிந்தா.

மைதானம் கொதித்தது.

"பொய்!"

"என் அல்பாக்காவுக்கு நீ ரிப்போர்ட் காட்டுடா! அது எழுந்து வருதான்னு பாப்போம்!"

"அவ்வளவு சுத்தம்னா நீ குடி!" ஃபோர்த்துனாத்தா தொப்பியைக் கழற்றி மேடைமேல் வீசினாள். "குடிச்சுக் காட்டு, பரேதா!"

"குடிச்சுக் காட்டு! குடிச்சுக் காட்டு!"

பரேதா சிரித்தான். தங்கப் பல் வெயிலில் மின்னியது. கூட்டத்தை மடக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எங்கே கிடைக்கும்? கைக்கு நேரே இருந்த பாட்டிலை எடுத்தான்.

"சார், வேணாம்..." எர்லிந்தா எழுந்தாள். "சீலை உடைக்கக் கூடாது. விதி இருக்கு."

"உங்க விதியை லிமாவுல வெச்சுக்கோங்க மேடம்! ஜனங்க கேக்கறாங்க!"

படக்!

சீல் உடைந்தது. அண்ணாந்தான். கடகடவென்று பாதிக்கு மேல் இறக்கினான். வாயைத் துடைத்தான்.

"அமிர்தம்!"

எர்லிந்தா மெல்ல நடந்து வந்து அடுத்த மைக்கைப் பிடித்தாள்.

"பரேதா சார், நீங்க குடிச்சது ஆத்துத் தண்ணி இல்லை."

"பின்னே?"

"எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ஆத்துத் தண்ணி பாட்டிலோட, நாங்களே விஷம் கலந்த பாட்டில் ஒண்ணையும் கலந்து அனுப்புவோம். லேப் முழிச்சுக்கிட்டு வேலை பாக்குதான்னு சோதிக்க. எந்த பாட்டில்னு கலந்தவளுக்கு மட்டும்தான் தெரியும்."

பரேதாவின் சிரிப்பு ஒரு பக்கமாக நின்றது.

"வழக்கமா ஒரு துளி போடுவோம். இந்தத் தடவை எனக்குக் கை தாராளம். லிமாவுல, நோட்டரி கண்ணு முன்னாடி, ஒரு கரண்டி ஆர்சனிக் போட்டேன். காளை மாடு படுத்துடும் சார். ஒண்ணு லேப்புக்குப் போச்சு. அதோட ஜோடியைத்தான் இப்போ நீங்க அமிர்தம்னு சொன்னீங்க."

"பொ... பொய்!"

"மேல் உதடு மரத்துப்போகுதா சார்? முதல்ல அங்கதான் ஆரம்பிக்குமாம்."

பரேதா உதட்டைத் தொட்டுப் பார்த்தான். வியர்வை கொட்டியது. வயிற்றைப் பிடித்தான். கூட்டத்தில் கண்களால் துழாவினான். கடைசி வரிசையில் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தான் வில்மர்.

"வில்மர்!!"

"சார்?"

"அதையும் மாத்தினியாடா?!"

மைக் வேலை செய்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் மலையில் மோதி, 'மாத்தினியாடா' என்று இன்னொரு தடவை சொன்னது.

"எ... எதை சார்?"

"விளையாடாதேடா! லேப்புக்குப் போனதை மட்டும் மாத்தினியா, ஜோடியையும் மாத்தினியா? சொல்லித் தொலைடா!"

வில்மர் சோத்தேலோவைப் பார்த்தான். போலீஸ்காரர்களைப் பார்த்தான். கோழிக்கால் கீழே விழுந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்! நீங்க என்ன பேசறீங்கன்னே புரியல!"

பரேதா மேடையிலிருந்து குதித்தான். மைக் கையோடு வந்தது. ஓடிப்போய் வில்மரின் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

"நான் செத்தா நீதான்டா கொலைகாரன்! உன்னைத் தூக்குல போடுவாங்க!"

"நானா கொலைகாரன்?" வில்மரின் குரல் கிறீச்சிட்டது. "ஆடிட்டர் அமாதோரைக் குட்டையில தள்ளினது யாரு? நானா? நான் வேணாம் வேணாம்னு காலைப் பிடிச்சேனே சார்! நான் பாட்டில் மட்டும்தான் மாத்தினேன்! நீங்க சொன்னபடி ஒண்ணு விடாம, ஜோடியோட, எல்லாத்துலயும் மினரல் வாட்டர்தான் ஊத்திப் புதுசா சீல் வெச்சேன்!"

"அப்பாடா!" என்றான் பரேதா.

நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டான். நிம்மதியாக ஒரு சிரிப்புகூட வந்தது. அப்புறம்தான் நிமிர்ந்தான்.

மொத்த ஊரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஃபோர்த்துனாத்தா முதல் அடியைக் கொடுத்தாள். செருப்பால்! அடுத்தடுத்து விழுந்தவற்றை போலீஸ்காரர்கள் அவசரப்பட்டுத் தடுக்கவில்லை.

எர்லிந்தா மேடையிலிருந்து இறங்கி வந்து குனிந்து, மண்ணில் கிடந்தவனின் காதருகே பேசினாள்.

"விஷம் கலந்த பாட்டிலே சுத்தம்னு ரிப்போர்ட் வந்துச்சு பாரு, அப்பவே நீ மாட்டிக்கிட்டே. ஆனா அதை வெச்சு உன்னைப் பாட்டில் திருடன்னுதான் உள்ளே தள்ள முடியும். எனக்கு அது போதாது."

"நீ... நீ யாருடி?"

"அமாதோர் பொண்டாட்டி."

பரேதா வாயைத் திறந்தான். தங்கப் பல் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது. எர்லிந்தா அதைப் பார்த்தாள். ஆசை தீரப் பார்த்தாள். அமாதோர் போன பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு மூச்சு முழுசாக இறங்கியது.

ஃபோர்த்துனாத்தா ஒற்றைச் செருப்போடு வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"அன்னிக்குத் துப்பினேனே பொண்ணே..."

"நல்லாத்தான் துப்பினீங்க அக்கா. அதைப் பாத்துத்தான் நான் அவன் ஆளுன்னே அவன் நம்பினான்."

பரேதாவுக்கும் வில்மருக்கும் விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். சோத்தேலோ கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"மேடம், எனக்கு ஒண்ணு புரியல. லேப்புக்குப் போனதை மாத்திட்டான்னு ரிப்போர்ட்டைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டீங்க, சரி. ஜோடியையும் மாத்தியிருப்பான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்."

"தெரியாதா?! வில்மர் சோம்பேறித்தனமா அந்த ஒண்ணை மட்டும் விட்டிருந்தா? பரேதா இந்நேரம் பொணமாயிருப்பானே! அப்போ நான் உங்களைத்தானே கைது பண்ணியிருக்கணும்!"

எர்லிந்தா மண்ணில் கிடந்த பரேதாவின் மைக்கை எடுத்து அணைத்துவிட்டு, அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"அதுக்கென்ன சார்? எப்படிப் பாத்தாலும் நீங்க கொண்டுவந்த விலங்குக்கு இன்னிக்கு வேலை இருந்திருக்கும்!"