படத்தில் இல்லாதவை

கொடிக்கயிறு அறுந்து தொங்கியிருந்தால் ஃபர்ஹானா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். கயிற்றையே காணோம். ஆசாரி சுப்பராயலு முந்தின நாள்தான் பால்கனியின் இரண்டு பக்கச் சுவரிலும் துளை போட்டு, கொக்கி முடுக்கி, நைலான் கயிறு கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஈரத்துணி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் சுவரைத் தடவிப் பார்த்தாள். கொக்கி இல்லை, சரி. துளையும் இல்லை. பட்டி வைத்து அடைத்த தடம்கூட இல்லாமல் சுவர் வழுவழுவென்று இருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷம்தான். கயிறு வேண்டும் என்று அடம் பிடித்தது குவைத்தில் இருக்கும் கணவன் ஜகபர் சாதிக். "துணிய எங்க காயப் போடுவ? அழகா இருந்தா போதுமா, ஆத்திர அவசரத்துக்கு வேணாமா?" என்று வீடியோ காலில் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தான். அவனுக்கு வீடு என்றால் ஆணி அடிக்கிற இடம்.

அவள் பிறந்தது கோட்டக்குப்பத்தில், பதினோரு பேர் வாழ்ந்த வீட்டில். எந்தப் பக்கம் திரும்பினாலும் குடம், பக்கெட், வாயைக் கட்டிய அரிசி மூட்டை, யாரோ ஒருவருடைய ஈரத்துண்டு. தனக்கென்று ஒரு வீடு வந்தால் அதில் கண்ணை உறுத்துகிற ஒரு பொருள்கூட இருக்கக்கூடாது என்று பன்னிரண்டு வயதிலேயே முடிவு செய்தவள். திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டுப் பக்கம் மூன்றாவது மாடியில் ஃபிளாட் வாங்கி, பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் வேலை முடிவதற்கு முன்பே விழுப்புரம் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு வந்து ஒரு மாதம் ஆகிறது.

இன்டீரியர் வேலையை எடுத்திருந்தவன் வல்லரசு. விழுப்புரத்தில் கடை வைத்திருந்தான். கம்ப்யூட்டரில் வரைந்து அவன் அனுப்பிய ஹால் படம் அவள் போனில் இருந்தது. டிவியைப் பார்த்தபடி, நமக்கு முதுகு காட்டிக் கிடக்கும் சாம்பல் நிற சோபா. மரப் பலகை பதித்த டிவி சுவர். குட்டி மேஜையில் மூன்று குச்சிகள் செருகிய வெள்ளை ஜாடி. வெறும் பால்கனி தெரியும் கதவருகே வெளியே பார்த்து நிற்கும் ஒரு பெண். "அது நீங்கதான்க்கா" என்று சிரித்தவன், "பாப்பா இருக்குதுல்ல? அதோட சைக்கிள், பொம்மைன்னு எதுனா போடட்டுமா?" என்றும் கேட்டான்.

"வேணாம். இந்தப் படத்துல இல்லாத எதுவும் என் ஹால்ல இருக்கக்கூடாது."

"சரிக்கா."

கயிற்றுக்கு மறுநாள் செருப்பு ஸ்டாண்டு காணாமல் போனது. அதற்கடுத்த நாள் காலையில் தண்ணீர் கேன், அதை வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூல், கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த விளக்குமாறு. வீட்டு வேலைக்கு வரும் பொன்னியைக் கேட்டாள். "உன் வெளக்கமாத்த நான் எங்கக்கா தூக்கினு போவப் போறேன்?" என்று பொன்னி கோபித்துக்கொண்டாள். அன்று மாலை மகளைப் பள்ளி வேனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தபோது தலைக்கு மேல் சீலிங் ஃபேன் இல்லை. அதை மாட்டியிருந்த கொக்கியும் இல்லை. திண்டிவனத்து வெயிலில் ஃபேன் இல்லாத ஹாலை யாராவது வரைவார்களா என்று படம் வந்த அன்றே ஜகபர் சாதிக் கிண்டல் செய்திருந்தான். எலக்ட்ரீஷியன் வந்து கழற்றியிருப்பான், வல்லரசுவிடம் கேட்க வேண்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பானோ என்று பயமாக இருந்தது.

வியாழக்கிழமை சுப்பராயலு டிவி சுவருக்கான பலகைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருவாமாத்தூரிலிருந்து வந்து, வாசலிலேயே நின்றுவிட்டார். சுவர் முழுக்கப் பலகை ஏற்கெனவே பதிந்திருந்தது.

"யாரம்மா வெச்சு பண்ணீங்க? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேனே."

"யாரும் வரலீங்க" என்றாள். அவளுக்கே அது பொய் மாதிரி ஒலித்தது.

அவர் உள்ளே போய்ப் பலகையைத் தடவினார். விரல் நகத்தால் கீறினார். குனிந்து மூக்கை வைத்து மோந்தார். திரும்பி வரும்போது முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. "ஜாயிண்ட் இல்ல. ஆணி இல்ல. மர வாசன இல்ல, பசை வாசனகூட இல்ல. இது மரமே இல்லம்மா" என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையை எடுக்கத் திரும்பினார். வைத்த இடத்தில் பை இல்லை. முப்பது வருஷத்துக் கருவிகள். அவர் வெறுங்கையோடு படியிறங்கிப் போனார்.

அவர் சொன்ன பிறகுதான் அவள் கவனித்தாள். ஹாலில் எந்த வாசனையும் இல்லை. சமையலறையில் தாளித்தால் அந்த வாசம் ஹாலின் விளிம்போடு நின்றுவிடுகிறது. ஜன்னல் திறந்திருக்கிறது, தூரத்தில் பெருமுக்கல் மலை நீலமாகத் தெரிகிறது, ஆனால் ரோட்டில் போகும் பஸ்ஸின் ஹாரன் உள்ளே வருவதில்லை. குட்டி மேஜையில் அவள் வாங்காத வெள்ளை ஜாடி. அதில் மூன்று குச்சிகள்.

வெள்ளிக்கிழமை காலை ரிஸ்வானாவுக்குக் காய்ச்சல். ஆறு வயது. பெட்ரூமில் இன்னும் வேலை ஆரம்பிக்கவில்லை, வல்லரசு அதற்குப் படமும் வரையவில்லை. பிரிக்காத அட்டைப் பெட்டிகள், கட்டில், சைக்கிள், பொம்மைகள், மகள் சுவரில் கிறுக்கிய கிறுக்கல் எல்லாம் அங்கேதான் கிடந்தன. அந்தக் குப்பைக்கு நடுவே குழந்தை போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள்.

பதினோரு மணிக்குப் பொன்னி வந்தாள். பக்கெட்டும் துடைப்பமுமாக ஹாலுக்குள் போனாள். ஃபர்ஹானா சமையலறையில் கஞ்சி கிளறிக்கொண்டே அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஈரத்துணி தரையில் சளப்சளப் என்று விழும் சத்தம், கண்ணாடி வளையல் சத்தம், அதற்கு மேல் பொன்னியின் குரல்.

"ஊட்ல ஆளே இல்லாத மாரி கீதுக்கா. பேசுனா எனக்கே சரியா கேக்க மாட்டுது. நாளைக்கு நான் வர மாட்டேன், சொல்லிட்டேன். பிரம்மதேசத்துல எங்க நாத்தனார் ஊட்டு"

அவ்வளவுதான். குரல் நின்றது. வளையலும் நின்றது.

"நாத்தனார் வீட்டுல என்ன?"

கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். ஹாலில் யாரும் இல்லை. பக்கெட் இல்லை. பாதித் தரை ஈரமாக மின்னியது, ஈரம் ஹாலின் நடுவில் ஒரு வளைவோடு முடிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரமும் இல்லாமல் போனது. திறந்திருந்த வாசலுக்கு வெளியே, லிஃப்டுக்குப் பக்கத்தில், பொன்னியின் செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடந்தது.

மகள். அந்த ஒரு நினைப்புதான் வந்தது. அலமாரியிலிருந்த காய்ச்சல் மருந்தைப் பிடுங்கிக்கொண்டு ஹாலின் குறுக்கே ஓடினாள். காலடிச் சத்தம் கேட்கவில்லை. பெட்ரூமுக்குள் பாய்ந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ம்மா, கசப்பு மருந்தா?" என்றாள் ரிஸ்வானா, கண்ணைத் திறக்காமல்.

ஃபர்ஹானா தன் கையைப் பார்த்தாள். விரல்கள் பாட்டிலைப் பிடித்தபடியே வளைந்திருந்தன. பாட்டில் இல்லை. கையில் போட்டிருந்த வளையல்கள் இல்லை. நைட்டியில் காலையில் பட்ட மஞ்சள் கறை இல்லை.

தன்னை மட்டும் விட்டிருக்கிறது. படத்தில் ஒரு பெண் இருக்கிறாள், அதனால். பொன்னி படத்தில் இல்லை. பக்கெட்டை ஒளித்து வை, துடைப்பத்தை ஒளித்து வை என்று ஒரு மாதமாக அவளை விரட்டியது நினைவுக்கு வந்தது. குழந்தையும் படத்தில் இல்லை. வேண்டாம் என்று சொன்னது இவள்தான், இவள் வாயால்தான். பெட்ரூமிலிருந்து வெளியே போக ஹாலைத் தவிர வேறு வழி கிடையாது. பதினெட்டு அடி.

ஒரு பிளாஸ்டிக் பொம்மையை எடுத்து ஹாலுக்குள் வீசினாள். விழுகிற சத்தம் வரவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினாலும் பயனில்லை, மருந்தும் கையில்தான் இருந்தது.

கட்டிலருகே சார்ஜில் கிடந்த போனை எடுத்துக் குவைத்துக்கு அடித்தாள். "மச்சான், பொன்னியக் காணோம், ஹால்ல..." என்று ஆரம்பிப்பதற்குள் அவன், "ஃபர்ஹானா, ட்யூட்டில இருக்கேன், பேஜாரு பண்ணாத. ராத்திரி கூப்புட்றேன்" என்று வைத்துவிட்டான். பக்கத்து வீட்டாரைக் கூப்பிடலாம். வருகிறவர்களும் ஹாலைத்தான் தாண்டி வர வேண்டும். படத்தையே அழிக்கச் சொல்லலாமா? அழித்தால் அந்த ஹாலில் யாருக்குமே இடம் இருக்காதோ? அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

வல்லரசு இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அந்த ஹால் படத்துல ஒரு குழந்தையப் போடு. இப்பவே."

"குழந்தையாக்கா? அன்னைக்கு வேணாம்னீங்க."

"இப்ப வேணும். பொம்பளப் புள்ள. ஆறு வயசு. ஜல்தி போடுப்பா."

"நிக்கிற மாரியா, குந்திக்கினு இருக்கிற மாரியா?"

"எப்படியோ ஒண்ணு போடு! எப்படி இருந்தாலும் பரவால்ல."

"சரிக்கா, அழுவாதீங்க. ரெடிமேடா ஒண்ணு வெச்சிருக்கேன். ரெண்டு நிமிஷம்."

அவள் கதவுநிலையில் நின்று ஹாலையே பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் மகள் மூச்சு விடும் சத்தம், சளி அடைத்த மூக்கின் மெல்லிய கீச்சொலி. அந்தச் சத்தம் இருக்கிறவரை பரவாயில்லை. அதை எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பது. ஐம்பது. அறுபது.

போன் அதிர்ந்தது. படம் வந்துவிட்டது. அதே சோபா, அதே ஜாடி, கதவருகே அதே பெண். சோபாவின் நடுவில் ஒரு சிறுமி, டிவியைப் பார்த்தபடி, நமக்கு முதுகு காட்டி. வெள்ளைக் கவுனின் தோள், நடுவகிடு, இரட்டைப் பின்னல், வெள்ளை ரிப்பன். ஃபர்ஹானாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அல்லாஹ், போதும். இடம் கிடைத்துவிட்டது. இனி தூக்கிக்கொண்டு போய்விடலாம், கோட்டக்குப்பத்துக்கு, அந்தப் பதினோரு பேர் வீட்டுக்கே.

"ரிஸ்வா, எழுந்திரும்மா."

திரும்பினாள்.

கட்டிலில் யாரும் இல்லை. போர்வை தட்டையாகக் கிடந்தது. கை வைத்தாள். சூடு இருந்தது.

மூச்சுச் சத்தம் எப்போது நின்றது?

ஹாலைப் பார்த்தாள். சோபாவின் முதுகுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. நடுவகிடு. இரட்டைப் பின்னல். பேன் தொல்லை என்று போன மாதம்தான் மகளின் முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அவளுக்கு அவ்வளவு முடி கிடையாது.

"ரிஸ்வா?"

தலை அசையவில்லை.

"ரிஸ்வானா, இங்க பாரு. அம்மா பாரு."

போனாள். ஒவ்வொரு அடியாக. சோபாவை ஒட்டி நடந்து பக்கவாட்டுக்கு வந்தாள். காது தெரிய வேண்டிய இடம். வகிடு தெரிந்தது, பின்னல் தெரிந்தது.

முன்னால் வந்தாள்.

வெள்ளைக் கவுன். மடியில் வைத்த இரண்டு கைகள். அதற்கு மேலே, பின்னந்தலை.

மறுபடி சுற்றினாள். இந்தப் பக்கமும் அதே வகிடு. அந்தப் பக்கமும். எங்கே நின்று பார்த்தாலும் அது அவளுக்கு முதுகையே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மண்டியிட்டாள். இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல் இல்லை, சூடே இல்லை. முடியை விலக்கினாள். உள்ளே முடி. அதையும் விலக்கினாள். நெற்றியைத் தேடினாள், மூக்கைத் தேடினாள், கசப்பு மருந்தா என்று கேட்ட வாயைத் தேடினாள். விரல்கள் ஆழமாக, இன்னும் ஆழமாகப் போய்க்கொண்டே இருந்தன. சீவி விட்ட முடி. முடி மட்டும்.