கழுத்தில் இரண்டு விரல்

மயக்கம் தெளிந்து முகம் கழுவப் போனபோதுதான் நெய்னா முகம்மது அதைக் கண்ணாடியில் பார்த்தார். இடது தாடைக்குக் கீழே, விரல்நுனி அளவில் இரண்டு சிவந்த தடங்கள்.

ஒரே வாரத்தில் இது மூன்றாவது மயக்கம். சிங்கப்பூர் தேக்கா வட்டாரக் கிளினிக் டாக்டர் திவ்யதர்ஷினி முந்தாநாள்தான் சொல்லியிருந்தார். "அங்கிள், கழுத்து ரத்தக்குழாய்ல பிரஷரைக் கவனிக்கற நரம்பு இருக்கு. அங்க அழுத்தினா பிரஷர் ஏறிடுச்சுன்னு மூளை ஏமாந்துடும், ஹார்ட்டை ஸ்லோ பண்ணிடும். டைட் காலர் வேணாம்லா."

ஆனால் நெய்னா முகம்மது அணிந்திருந்தது காலரே இல்லாத பனியன்.

மூன்று முறையும் தெம்பனிஸ் வீட்டின் அதே சாப்பாட்டு மேசை. மூன்று முறையும் வீட்டில் இருந்தது மனைவி ருக்ஸானா மட்டும். அவர் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால்தான் சமையலறை வாசல்.

மறுநாள் மாலை நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் மிளகாய்ச் சம்பால் வதங்கும் நெடியும், தாழ்வாரத்தில் யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கும் ஓசையும், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் முனகுவதும், அதன் நிழல் கூரையில் வந்து வந்து போவதுமாக இருக்க, அவர் ருக்ஸானாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நின்று அவள் பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிப் பார்க்கறீங்க?"

"நேத்து நான் விழுந்தப்ப உன் கை எங்க இருந்துச்சு?"

அவள் விரல்கள் நின்றன. "என்ன கேக்கறீங்க? நானா... உங்களையா?" கண் கலங்கிவிட்டது.

பதில் சொல்ல வாயெடுத்தார். கழுத்தில் குளிர்ச்சி பட்டது.

இடது பக்கம். இரண்டு விரல்.

அவளுடைய கைகள் இரண்டும் மாவில் இருந்தன. எதிரில்.

பின்னால் சுவர்.

விரல்கள் அழுத்தின. மெதுவாக. இடம் தெரிந்து. மார்பில் ஒரு துடிப்பு. வெகுநேரம் ஒன்றுமில்லை. இன்னொன்று. விசிறியின் முனகல் எங்கோ தூரத்துக்குப் போனது. 'நீ இல்ல' என்று சொல்லப் பார்த்தார். சத்தம் வரவில்லை.

சட்டென்று பிடி விட்டது. இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டது. மேசையைப் பற்றி நிமிர்ந்தார்.

"ருக்ஸானா, மன்னிச்சிடும்மா. நீ இல்ல."

அவள் கைகள் இன்னும் மாவில். முகத்தில் ரத்தமில்லை. முக்காடு விலகிய இடத்தில், அவளுடைய கழுத்துத் தோல் இரண்டு குழிகளாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.